கடைசி எபிசோட் இல்லாத டிஸ்க்

இதை எழுதுவதே அவரைப் பழிவாங்கத்தான். மறைக்க ஒன்றுமில்லை. சேலத்தில் என் வீட்டு அலமாரியில் அவர் கொடுத்த ஒரு ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடு உட்கார்ந்தால் நாலு வார்த்தை நன்றாக வரும் என்று உட்கார்ந்துவிட்டேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது.

திருச்செங்கோட்டில் வேலை கிடைத்துப் போனபோது ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். மாடியில் அவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் ‘அக்கா’ என்பேன், அவர் ‘அம்மிணி’ என்பார். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை அவருக்கு. குடித்துவிட்டு அடித்த கணவனை விட்டு வந்து தனியாக இருந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, பக்கத்தில் போனால்தான் கேட்கிற குரல். யாரிடமும் ‘ங்க’ போடாமல் பேச மாட்டார். தெருநாயைக்கூட ‘அக்கட்டால போங்க’ என்று அவர் விரட்டியதைக் கேட்டிருக்கிறேன். இந்த உடம்புக்குள் இவ்வளவு வன்மம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அவருடைய சொத்து முழுவதும் சீரிஸ்கள்தான். டிவியில் ஆண்டுக்கணக்கில் இழுக்கிற மாமியார் மருமகள் கதை அல்ல. புதிது புதிதாக வருகிற வெப் சீரிஸ். கொரியாவோ துருக்கியோ நம் ஊரோ, தமிழில் பேசினால் போதும், அவரிடம் வந்துவிடும். எங்கிருந்து இறக்கினார் என்று நான் கேட்டதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். டிஸ்குகளை ரவிக்கைத் துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாக்களில் வைத்திருந்தார். சமையலறையில் பருப்பு இருக்க வேண்டிய டப்பாவைத் திறந்தால் டிஸ்க் இருக்கும். பருப்பு கவரோடு ஆணியில் தொங்கும்.

மற்றவர்கள் மொழி வாரியாக அடுக்குவார்கள், அல்லது பேய்க்கதை, காதல் கதை என்று பிரிப்பார்கள். அவர் பிரித்தது துரோகம் செய்தவன் யார் என்பதை வைத்து. ‘கட்டுனவன்’, ‘கூடப் பொறந்தவன்’, ‘பங்காளி’, ‘கூட்டாளி’, ‘முதலாளி’ என்று ஃபோல்டர்கள். ஏனென்றால் அவர் சேர்த்ததெல்லாம் பழிவாங்கும் கதைகள் மட்டும்தான். இவற்றுக்கு மேலே பெரிய ஃபோல்டர்கள் இரண்டு. பழிவாங்கி முடித்த கதை ‘முடிஞ்சுது’வில். இன்னும் அடுத்த சீசன் வர வேண்டிய கதை ‘முடியல’வில். கடைசி எபிசோட் வந்த அன்றே பார்த்துவிட்டு, திருப்தியாக இருந்தால் இங்கிருந்து அங்கே மாற்றுவார். அப்படி மாற்றுகிற நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற முகம்.

கடைசியில் மன்னித்துவிடுகிற கதை என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு கொரியக் கதையில், குடும்பத்தையே அழித்தவன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறான். கதாநாயகி அவன் கையைப் பிடித்து அழுகிறாள். அவர் அப்படியே நிறுத்திவிட்டு, அத்தனை சீசனையும் சேர்த்து அழித்தார்.

“நல்லாத்தானேக்கா இருந்துச்சு?” என்றேன்.

“மன்னிச்சுப்போட்டாளுங்களே அம்மிணி. இவளுக்கு எதுக்குங்க டிஸ்குல எடம்?” என்றார்.

என் பங்குக்கு நான் செய்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடிவந்த முதல் வாரம் மாடிக்குக் காபி குடிக்கக் கூப்பிட்டிருந்தார். திரையில் ஒரு துருக்கி சீரிஸ் பாதியில் நின்றிருந்தது. அண்ணனைக் கொன்றவனைத் தேடி ஒருத்தி ஊர் ஊராக அலைகிற கதை. நான் அதை ஏற்கெனவே பார்த்தவள். வாய் சும்மா இருக்குமா? “இதாக்கா? அந்த டாக்டர்தான் கொலைகாரன். கடைசில தெரியும்” என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு “அப்படீங்களா?” என்று சிரித்தார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டார். ஒரு முறுக்கும் கொடுத்தார். அதை நான் அன்றே மறந்துவிட்டேன்.

அவருடைய கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியவந்தது முக்கு வீட்டு அம்மாவின் விஷயத்தில்தான். அந்த அம்மாள் தெருக்குழாயில் நாலு பெண்கள் கேட்க, “புருசன உட்டுப்போட்டு வந்தவளுக்கென்ன, நாளெல்லாம் படம் பாத்துட்டுக் கெடக்கலாம்” என்று சொல்லிவிட்டார். அக்காவும் குடத்தோடு அங்கேதான் நின்றார். குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மாளே, கால் உடைந்து வீட்டில் கிடக்கும்போது பொழுது போகவில்லை என்று சீரிஸ் கேட்டு ஆள் அனுப்பினார். அக்கா இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். கடைசி எபிசோட் மட்டும் இல்லை.

கேட்டால், “அது இன்னும் வரலீங்” என்றார். அந்த அம்மாள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மகனை விட்டுத் தேடச் சொன்னார், கிடைக்கவில்லை. எள்ளுருண்டை கொடுத்தனுப்பினார். வாங்கித் தின்றோம், எபிசோட் வரவில்லை. கால் சரியானதும் மாடிப்படி ஏறி வந்து, “அன்னிக்கு ஏதோ வாய் தவறிப் பேசிப்போட்டேன் கண்ணு, மனசுல வெச்சுக்காத” என்றார்.

“எங்கீங்க பேசுனீங்க?” என்றார் அக்கா, மெதுவாக.

“கொழாயடீல.”

“அப்ப அதை அங்கதானுங்களே சொல்லோணும்?”

மறுநாள் தண்ணீர் வந்த நேரத்தில், அதே நாலு பெண்கள் கேட்க, அந்த அம்மாள் குழாயடியில் அதைச் சொன்னார். அன்று மாலையே கடைசி எபிசோட் ‘வந்துவிட்டது’. எந்த இடத்தில் பேசினார்களோ அந்த இடம், யார் முன்னால் பேசினார்களோ அவர்கள் முன்னால். இதுதான் அவருடைய சட்டம். எனக்கு அன்று சிரிப்பாகத்தான் இருந்தது. எள்ளுருண்டை வேறு நன்றாக இருந்தது.

அவருக்கு ஒரே தம்பி. அப்பா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவர் இவர்தான். ரிக் வண்டியில் மேனேஜராக ஆட்களைக் கூட்டிக்கொண்டு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போர் போடப் போவான். மழைக்குத்தான் வண்டி ஊர் திரும்பும். அங்கே காட்டுக்குள் சிக்னல் கிடையாது. சாயங்காலமானால் லாரிக்குள் ஒரு சின்ன டிவியில் டிஸ்க்கைச் செருகி எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த டிஸ்க்கை ஒவ்வொரு பயணத்துக்கும் நிரப்பிக் கொடுப்பது அக்கா.

எங்கள் பக்கம் ஆத்தூரில் இல்லாத ஒரு சடங்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கம் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை அலங்கரித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில், மறுமுனை அவள் கையில். அது முடியாமல் மேலே ஒன்றும் நடக்காது. நான் குடிவருவதற்கு முன்னால் நடந்த தம்பி கல்யாணத்துக்கு அக்கா இளம்பிள்ளை ஊருக்குப் போய், தறிக்காரர் வீட்டிலேயே உட்கார்ந்து தனக்கு அரக்கு நிறத்தில் பட்டு எடுத்து வந்திருந்தார். கல்யாணத்தன்று காலையில், மண்டபத்தில், சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, தம்பி சொன்னானாம்: “நீ வேண்டாங்க்கா. வாழாம வந்தவ நின்னா பொண்ணூட்டுல ஒருமாதிரி நெனைப்பாங்க. பெரியப்பா மக நிக்கட்டும்.”

பெரியப்பா மகள் நின்றாள். அக்கா தூணோரமாக நின்று, வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்தார். பட்டை உடுத்தவே இல்லை. இதை எனக்குச் சொன்னது அவருடைய அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசுவதில்லை. ஆனால் டிஸ்க் மட்டும் அம்மாவின் கையில் வருவதும் போவதுமாக இருந்தது. அக்கா முன்னைவிட அக்கறையாக நிரப்பினார். தம்பிக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். போட்டு முடித்ததும் ஒவ்வொன்றிலும் கடைசி எபிசோடைத் தூக்கிவிடுவார். வடக்கே காட்டில் அத்தனை ஆம்பளைகளும் யார் செத்தான் யார் பிழைத்தான் என்று தெரியாமல் அடித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தம்பி கேட்கவில்லை. அதே ரத்தம்தானே?

“அவன் கேக்கட்டுமுங்க. வாயத் தொறந்து அக்கான்னு கூப்புட்டுக் கேக்கட்டும்” என்பார் இவர்.

நடுவில் தம்பி மனைவி, கல்யாண வீடியோ டிவியில் ஓடவில்லை, சரிசெய்து கொடுங்கள் என்று பென் டிரைவைக் கொண்டுவந்து தந்தாள். பாவம், விவரம் தெரியாத பெண். ஸ்டூடியோவில் அழித்துவிட்டார்களாம், இருப்பது அது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா அதன் முன் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சரிசெய்தார். ஆனால் இணைச்சீர் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டார். பந்தியில், போட்டோவுக்கு நின்ற கூட்டத்தில், எங்கெல்லாம் பெரியப்பா மகள் தெரிந்தாளோ அங்கெல்லாம் கத்தரி விழுந்தது.

“இப்பப் பாருங்க அம்மிணி. அவ இந்தக் கல்யாணத்துக்கே வரலீங்” என்றார்.

அதன் ஒரு நகலை ‘முடியல’வுக்குள் ‘கூடப் பொறந்தவன்’ ஃபோல்டரில், கொரியக் கதைகளுக்கு நடுவில் வைத்தார். எனக்கு அன்றுதான் முதல்முறையாகக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. ஆண்டில் பாதி நாள் வடக்கே கிடக்கிறவனோடு குடும்பம் நடத்த முடியாது என்று அந்தப் பெண் போய்விட்டாள், விவாகரத்தும் ஆகிவிட்டது. அக்கா இதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். “இது நான் எழுதுன கதையில்லீங்” என்று மட்டும் சொன்னார். பிறகு வண்டி மழைக்குத் திரும்பியிருந்த ஓர் ஆவணியில் தம்பிக்கு இரண்டாவதாகப் பெண் அமைந்தது. பெண்ணுக்கு இது முதல் கல்யாணம், எல்லாச் சீரும் முறையாக நடக்க வேண்டும் என்று பெண் வீட்டில் கறாராகச் சொன்னார்கள். பெரியப்பா மகளைக் கேட்டால், ரெண்டாங்கல்யாணத்துக்கு நின்றால் தனக்கு ஆகாது என்று கழன்றுகொண்டாள். அம்மா மாடிப்படி ஏறி வந்தார்.

“நீதான் சாமி நிக்கோணும். வேற ஆரு இருக்கறா?”

முடியாது என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுத்தார்.

“நிக்கறேங்மா. ஆனா அதே மண்டபமா இருந்தா வாரேன்.”

பழகிய மண்டபம் என்பதால் மகள் கேட்கிறாள் போல என்று அம்மா சந்தோஷமாக இறங்கிப் போனார். எனக்குக் குழாயடி ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்கு நானும் போனேன். அக்கா அந்த அரக்குப் பட்டில் வந்தார். மடிப்புத் தடம்கூட இன்னும் போகவில்லை. தலை நிறையப் பூ. வந்ததும் நேராக வீடியோக்காரரிடம் போய், “இணைச்சீர் முடியற வரைக்கும் நிறுத்தாம எடுங்க. சத்தமும் நல்லா விழோணும்” என்று சொல்லிவிட்டு மேடையேறினார். தம்பி கக்கத்தில் சேலையின் ஒரு முனையை இடுக்கி நின்றான். சடங்கை நடத்துகிற அருமைக்காரர் மறுமுனையை அக்காவிடம் நீட்டினார். அக்கா கையைக் கட்டிக்கொண்டார்.

“புடிச்சுக்கம்மா” என்றார் அருமைக்காரர்.

அக்கா பிடிக்கவில்லை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அன்று தூணோரம் அவர் நின்றதைப் பார்த்த அத்தனை பேரும் இருந்தார்கள், பெரியப்பா மகள் முன்வரிசையில். நல்ல நேரம் போகிறது என்று யாரோ பின்னால் முனகினார்கள். பேச்சு ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் சமையல்கட்டில் கரண்டி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது.

“அக்கா, புடி” என்றான்.

“கேக்கலீங்.”

“புடிங்க்கா.”

“அன்னிக்கு இதே எடத்துல என்னை வேண்டாம்னது ஆரு?”

அவன் தலையைக் குனிந்தான். அக்குளில் இடுக்கிய சேலையை விடவும் முடியாது, நகரவும் முடியாது. “நாந்தான்.”

“சரியா, தப்பா?”

“தப்புதாங்க்கா.” பிறகு அவனே சத்தமாக, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, “எம்மேலதான் தப்பு” என்றான்.

அக்கா சேலை முனையைப் பிடித்தார். முன்வரிசையில் பெரியப்பா மகள் தன் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

தம்பி இத்தோடு தீர்ந்தது என்று நினைத்திருப்பான். மழை முடிந்து வண்டி கிளம்பும்போது, இந்த முறை நேரிலேயே வந்து, “கடைசி எபிசோட் எல்லாம் போட்டுக் குடுங்க்கா” என்று வாய்விட்டுக் கேட்டான். அக்காவும் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து வடக்கேயிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். எந்தக் கதையின் கடைசி எபிசோடைத் திறந்தாலும் திரையில் தம்பி நிற்கிறானாம், கக்கத்தில் சேலையோடு, ‘எம்மேலதான் தப்பு’ என்று சொல்லிக்கொண்டு. அவனுக்குக் கீழே வேலை செய்கிற ஆட்கள் முன்னால்!

“ஏங்க்கா இப்பிடிப் பண்ணுனீங்க?” என்று அவன் கத்தினான்.

“கடைசி எபிசோட் கேட்டயே கண்ணு, அதுதான் இது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்து, தம்பியின் கல்யாணத்தை ‘முடியல’விலிருந்து எடுத்து ‘முடிஞ்சுது’வில் போட்டார். அதே வெற்றிலை போட்ட முகம். நான் சிரித்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தேன். ‘முடியல’வில் இன்னும் சில ஃபோல்டர்கள் மிச்சமிருந்தன. ‘பெரியப்பா மக’ என்று ஒன்று. அதற்குக் கீழே ‘கீழ் ஊடு’ என்று ஒன்று. கீழ் வீட்டில் இருந்தது நான் மட்டும்தான். என் சிரிப்பு நின்றது. அவர் திரையை அணைத்துவிட்டு, “காபி குடிக்கறீங்களா அம்மிணி?” என்றார். சர்க்கரை போதுமா என்றும் கேட்டார்.

எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தபோது ஒரு டிஸ்க்கை ரவிக்கைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். “அத்தனையும் புதுசுங்க. வேற எங்கயும் தமிழ்ல கெடைக்காது.” கண்கூடக் கலங்கியிருந்தது. நானும் கலங்கித்தான் வந்தேன். வந்து பார்த்தால் ஒன்றில்கூடக் கடைசி எபிசோட் இல்லை. டாக்டர்தான் கொலைகாரன் என்று அன்று உளறியதற்கு இத்தனை நாள் கழித்து எனக்குத் தண்டனை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறி, அதே மாடியில், அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன். ஆத்தூர்க்காரிக்கும் ரோஷம் உண்டு.

ஆனால் பழிவாங்க ஒரு வழி கிடைத்துவிட்டது. போன மாதம் இங்கே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக்கடையில் தம்பியைப் பார்த்தேன். ரிக் வண்டிக்குச் சமையல் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். டிஸ்க் கதையை எடுத்தேன். வெட்கத்தோடு சிரித்தான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்க. ஆருக்கும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குது. அன்னிக்குக் கோவத்துல டிவிய அணைச்சுப்போட்டனுங்க. அப்பறமா பசங்க ஓடவிட்டுப் பாத்தா, நான் பேசி முடிச்சதுக்குப் பொறகு நெஜமான கடைசி எபிசோட் ஓடுது. எல்லாத்துலயும். இத்தன வருசமா எடுத்து வெச்சதெல்லாம், ஒன்னுகூட உடாம போட்டுக் குடுத்திருக்குது.”

ஆக, அக்கா மன்னித்துவிட்டார். ‘முடிஞ்சுது’ என்று அவர் மாற்றியதெல்லாம் பொய். அவருடைய சட்டப்படி பார்த்தால் அவருடைய கதையையே டிஸ்க்கிலிருந்து அழிக்க வேண்டும். அந்தக் கதையின் கடைசி எபிசோடை இதோ ஊரறியச் சொல்லிவிட்டேன், அக்கா. இப்போது என் டிஸ்க்கில் இல்லாததை அனுப்புங்கள், அனுப்பாமல் போங்கள். ‘கீழ் ஊடு’ ஃபோல்டரில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.